பசுவின் வயிற்றில் ஒரு நாட்டு மருந்துக் கடை

மயிலாப்பூர் மாட வீதியில் காலை ஏழு மணிக்கு நடந்தால் ஒரு சின்ன வியாபாரத்தைப் பார்க்கலாம். சுவரோரமாக ஒரு பசு கட்டியிருக்கும். பக்கத்தில் ஈரக் கோணியின் மேல் அகத்திக்கீரைக் கட்டுகள். கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு கட்டை வாங்கி, அந்தப் பசுவுக்கே நீட்டிவிட்டு, அதன் முதுகைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். புண்ணியம் வாங்கியவருக்கு, கீரை பசுவுக்கு, காசு கீரைக்காரம்மாவுக்கு.

ஒரு நாள் நின்று வேடிக்கை பார்த்தேன். முதல் கட்டை நாலே இழுப்பில் முடித்த பசு, ஐந்தாவது கட்டு வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கீரை நீட்டியவருக்கு மனசு சங்கடம். "கீழ வெச்சிட்டுப் போங்கம்மா, அப்புறமா தின்னும். வெறும் அகத்தியா போட்டா அதுக்கு வயித்துக்கு ஆவாது. நடுவுல வைக்கோல் போடணும்" என்றார் கீரைக்காரம்மா.

கால்நடை ஊட்டச்சத்து பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் மூன்றே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். செடிகொடிகளின் சாற்றையும் பொடியையும் தீவனத்தில் சிட்டிகை அளவு கலந்து, அசைபோடும் விலங்குகளின் செரிமானத்தை மேம்படுத்த முடியுமா என்று உலகமெங்கும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். முடியும், ஆனால் எது, எவ்வளவு, எதனோடு என்பதில்தான் சூட்சுமம் என்பதே இதுவரை கிடைத்திருக்கும் பதில். அதற்கான மூலப்பொருள்களில் பாதி, மயிலாப்பூர் கச்சேரி சாலையில் இருக்கும் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் நமக்குப் பழக்கமானவை: கடுக்காய், தான்றிக்காய், சீயக்காய், பூந்திக்கொட்டை, ஓமம்.

புளித்துக்கொண்டே இருக்கும் மாவு

பசு புல்லைத் தின்கிறது. ஆனால் அதைச் செரிப்பது பசு இல்லை. புல்லின் நாரான செல்லுலோஸை உடைக்கும் நொதியைப் பசுவின் உடல் சுரப்பதே கிடையாது. நமக்கும் கிடையாது. பசுவுக்கு உள்ள வசதி, அந்த வேலையைச் செய்ய வயிற்றுக்குள் ஒரு பெருங்கூட்டத்தைக் குடிவைத்திருப்பதுதான்.

பசுவுக்கு நாலு வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். உண்மையில் அது நான்கு அறைகள் கொண்ட ஒரே இரைப்பை. முதல் அறையான ரூமென்தான் பெரியது. நன்றாக வளர்ந்த பசுவுக்கு அது நூறு லிட்டருக்கும் மேல் கொள்ளும். உள்ளே ஏறத்தாழ 39 டிகிரி சூடு; ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்தச் சாற்றில் ஒரு மில்லிலிட்டரில் மட்டும் 1,000 கோடிக்குக் குறையாத பாக்டீரியாக்கள் இருக்கின்றன. லட்சக்கணக்கில் புரோட்டோசோவா எனும் ஒற்றைச் செல் உயிரிகள், நாரைத் துளைக்கும் பூஞ்சைகள், மீத்தேனை உண்டாக்கும் ஆர்க்கியாக்கள் என்று மற்றவர்களும் உண்டு.

இட்லி மாவு பொங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள். அரைத்து மூடிவைத்தால் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் வாயுவையும் வெளிவிடுகின்றன. மாவு புளித்து எழும்புகிறது. ரூமென் என்பது நாள் முழுக்கப் புளித்துக்கொண்டே இருக்கும் ஒரு மாவுப் பாத்திரம். மேலே புதுத் தீனி விழுந்துகொண்டே இருக்கும். கீழே புளித்தது அடுத்த அறைக்கு வழிந்துகொண்டே இருக்கும். புளிப்பு எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வது எச்சில். பெரிய பசு ஒரு நாளில் 100 லிட்டருக்கும் மேல் எச்சில் சுரக்கிறது. அதில் சோடா உப்பு கரைந்திருக்கிறது. அசைபோடப் போடத்தான் எச்சில் ஊறும். நார் இருந்தால்தான் அசைபோடும். கீரைக்காரம்மா நடுவில் வைக்கோல் போடச் சொன்னதன் வேதியியல் இதுதான்.

இந்தக் கூட்டம் கொடுக்கும் வாடகைதான் பசுவின் உணவு. அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் என்று மூன்று அமிலங்கள். பசுவுக்குத் தேவையான ஆற்றலில் ஏறத்தாழ 70 சதவீதம் இவற்றிலிருந்தே வருகிறது. அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. புரோப்பியோனிக் அமிலம் கல்லீரலில் குளுக்கோஸாகி, பிறகு பாலின் சர்க்கரையாகிறது. பாக்டீரியாக்களே கடைசியில் நான்காம் அறைக்குப் போய்ச் செரிக்கப்பட்டுப் பசுவுக்குப் புரதமாகின்றன.

ஒரு குறை உண்டு. நாரை உடைக்கும்போது ஹைட்ரஜன் மிச்சமாகிறது. அது தேங்கினால் புளிப்பு வேலையே நின்றுபோகும். அதை அப்புறப்படுத்தும் தோட்டிகள்தாம் ஆர்க்கியாக்கள். நான்கு ஹைட்ரஜன் மூலக்கூறுகளை ஒரு கரியமில வாயு மூலக்கூறோடு சேர்த்து மீத்தேன் ஆக்கிவிடுகின்றன. அந்த மீத்தேன் பெரும்பாலும் ஏப்பமாக வாய் வழியே வெளியேறுகிறது. தின்ற தீவனத்தின் ஆற்றலில் 2 முதல் 12 சதவீதம் வரை இப்படிக் காற்றோடு போய்விடுகிறது. தீவனத்துக்குக் காசு கொடுத்தவருக்கு அது நட்டம். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல் ஏறத்தாழ 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு என்பதால் ஊருக்கும் நட்டம்.

2019-இல் எடுத்த 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாடுகள் 19 கோடிக்கு மேல். எருமைகள் கிட்டத்தட்ட 11 கோடி. ஆடுகளையும் சேர்த்தால் அசைபோடும் வாய்கள் 52 கோடியைத் தாண்டும். ஒவ்வொரு ஏப்பத்திலும் சிறிது குறைத்தால்கூடக் கூட்டிப் பார்க்கையில் பெரிது.

துவர்ப்பு

செடி நமக்காகவோ பசுவுக்காகவோ மருந்து செய்வதில்லை. ஓடித் தப்பிக்கக் கால் இல்லாததால், தன்னைத் தின்ன வருகிற புழுவையும் பூஞ்சையையும் ஆட்டையும் மாட்டையும் விரட்ட ரசாயனம் காய்ச்சுகிறது. துவர்ப்பு, கசப்பு, நுரை, கார மணம் எல்லாம் அதன் ஆயுதங்கள். பகைவனை விரட்டும் அந்த ஆயுதத்தை அளவாகக் கொடுத்து, பசுவின் வயிற்றுக் கூட்டத்தில் வேண்டாதவர்களை மட்டும் தட்டிவைக்க முடியுமா என்பதுதான் ஆய்வாளர்களின் கேள்வி.

முதல் ஆயுதம் டானின். அதன் வேலையைப் புரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கடுக்காய்த் தோலில் மிளகளவு எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். சில நொடிகளில் வாய் வறண்டு, நாக்கு தடித்துப்போன மாதிரி இருக்கும். வாயில் ஈரம் குறையவில்லை. எச்சிலை வழுவழுப்பாக வைத்திருக்கும் புரதங்களை டானின் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டது, அவ்வளவுதான். நாம் துவர்ப்பு என்கிற உணர்ச்சி, புரதம் கட்டிப்போகும் உணர்ச்சி.

சென்னைக்கு இந்தக் கட்டிப்போடும் வித்தை புதிதில்லை. அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறவைத்துப் பதனிட்ட தோல் மதராஸிலிருந்து கப்பலேறியது. ஈ.ஐ. தோல் என்ற பெயரில் அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. பச்சைத் தோலின் புரதத்தை டானின் பிடித்துக்கொள்வதால் பாக்டீரியாக்களால் அதைத் தின்ன முடிவதில்லை. தோல் அழுகாமல் நிலைக்கிறது. செத்த மாட்டின் தோலில் தொட்டியில் நடப்பதும், உயிருள்ள மாட்டின் வயிற்றில் நடப்பதும் ஒரே வேதியியல்.

வயிற்றில் அதனால் என்ன நன்மை? புண்ணாக்கில் இருக்கும் நல்ல புரதத்தில் பெரும்பங்கை ரூமென் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக உடைத்துவிடும். தேவைக்கு மேற்பட்ட அம்மோனியா யூரியாவாகிச் சிறுநீரில் போகும். அளவான டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் ரூமெனில் அது தப்பிக்கிறது. புளிப்பு மிகுந்த நான்காம் அறைக்குப் போனதும் பிடி தளர்கிறது. புரதம் பசுவுக்கே கிடைக்கிறது. விலை கொடுத்து வாங்கிய புண்ணாக்கு வழியில் களவுபோகாமல் வீடு வந்து சேர்கிற மாதிரி. மீத்தேன் ஆர்க்கியாக்களையும் டானின் ஓரளவு அடக்குகிறது. பயறுவகைத் தீவனங்களை அதிகம் தின்றால் வருகிற நுரை உப்புசமும் டானின் உள்ள பயறுவகைகளில் வருவதில்லை, ஏனென்றால் நுரையைத் தாங்கிப்பிடிக்கும் புரதத்தை டானின் கட்டிவிடுகிறது.

இதெல்லாம் அளவோடு. தீவனத்தின் உலர் எடையில் டானின் 2 முதல் 4 சதவீதம் வரை இருந்தால் உதவி. 5 சதவீதத்தைத் தாண்டினால் உபத்திரவம். மாடு தீனியை ஒதுக்கும், நார் செரிப்பது குறையும். வேலமரத்துக் காயை ஆடு ஆசையாகத் தின்பதைப் பார்த்து மாட்டுக்கும் அதே அளவு கொடுக்கக்கூடாது. டானினைச் சமாளிப்பதில் ஆடு கைதேர்ந்தது.

நுரை

இரண்டாவது ஆயுதத்தைப் பார்க்க தி.நகருக்குப் போக வேண்டும். நகை வேலை செய்கிறவர்கள் பழைய சங்கிலியை வாங்கியதும் பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் போட்டு ஒரு பிரஷ்ஷால் தேய்ப்பார்கள். வெள்ளை நுரை பொங்கும். எண்ணெய்ப் பிசுக்கு போய்விடும். பட்டுப் புடவைக்கும் அதே கொட்டை, தலைக்குச் சீயக்காய். நுரைக்குக் காரணம் சபோனின். அதன் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை கொழுப்போடு சேரும்.

ரூமெனில் அது தேடிப்போகும் இலக்கு புரோட்டோசோவா. அந்த உயிரியின் மேல்சவ்வில் கொலஸ்ட்ரால் வகைக் கொழுப்பு இருக்கிறது. சபோனின் அதைப் பிடித்து இழுக்க, சவ்வில் ஓட்டை விழுந்து செல் வெடித்துவிடுகிறது. பாக்டீரியாக்களின் சவ்வில் பொதுவாக அந்தக் கொழுப்பு கிடையாது. எனவே அவை பெரும்பாலும் தப்பிக்கின்றன.

புரோட்டோசோவாவை ஏன் குறைக்க வேண்டும்? அது பாக்டீரியாக்களை விழுங்கித் தீர்க்கிறது. மீத்தேன் ஆர்க்கியாக்கள் அதன் மேலும் உள்ளேயும் ஒட்டிக்கொண்டு, அது விடும் ஹைட்ரஜனை வாங்கிப் பிழைக்கின்றன. வீட்டுக்காரர் போனால் ஒண்டுக்குடித்தனக்காரரும் போகவேண்டியதுதான்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அகத்தியின் ஒன்றுவிட்ட உறவான சித்தகத்தி இங்கே ஒரு பாடம் சொல்கிறது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வில் சித்தகத்தித் தழையைச் செம்மறி ஆடுகளுக்குக் கொடுத்தார்கள். நான்கு நாளில் புரோட்டோசோவா 60 சதவீதம் விழுந்தது. அடுத்த பத்து நாளில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. காரணம், ரூமென் பாக்டீரியாக்கள் சபோனினோடு ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பிய்த்துத் தின்னப் பழகிக்கொள்கின்றன. சர்க்கரை போனதும் அந்த ஆயுதத்தின் கூர் போய்விடுகிறது. ரூமெனில் இருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர்கள் இல்லை. எதைக் கொடுத்தாலும் பெரும்பாலும் சில வாரங்களில் அதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள்.

அந்தத் திறமை சில சமயம் நமக்குச் சாதகமாகவும் இருக்கும். சவுண்டல் என்றும் சூபாபுல் என்றும் நாம் சொல்லும் மரத்தின் தழையில் மைமோசின் என்ற நஞ்சு இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகளுக்கு நோய் வந்தது. ஹவாய்த் தீவின் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் அந்த ஆடுகளின் ரூமெனில் நஞ்சை உடைக்கும் பாக்டீரியா இருப்பதை உணர்ந்தார். அந்த ரூமென் சாற்றை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றியபோது நோய் நின்றது. அந்த பாக்டீரியாவுக்குப் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள்.

மணம்

மூன்றாவது ஆயுதம் நம் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறது. ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், பட்டையின் சின்னமால்டிஹைடு, பூண்டின் கந்தகச் சேர்மங்கள். இந்த நறுமண எண்ணெய்கள் நுண்ணுயிர்களின் சவ்வைக் கலைக்கின்றன. குழந்தைக்கு வயிறு உப்பினால் ஓமத்தண்ணீர் கொடுக்கிற வீட்டில் பசுவுக்கும் ஓமம் போட்டிருப்பார்கள்.

ஐரோப்பா இந்த மணத்தைத் தேடி வந்ததற்கு ஒரு சட்டம் காரணம். கால்நடைகளை வேகமாக வளர்க்கத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜனவரி 1 முதல் தடை செய்தது. மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகும் என்ற பயம். ரூமெனைச் சீராக்கக் கலந்துவந்த மோனென்சினும் அதோடு போயிற்று. அந்த இடத்தை நிரப்பப் பலரும் செடிகளிடம் வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் அகோலின் நிறுவனம் கொத்தமல்லி விதை எண்ணெயையும் யூஜினாலையும் சேர்த்து, பசுவுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு கிராம் என்ற கணக்கில் விற்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் மீத்தேன் 10 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகக் குறைந்திருந்தது; பலன் தெரிய நான்கு வாரமாவது தொடர்ந்து கொடுக்க வேண்டியிருந்தது.

பூண்டுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பசு தின்ற பூண்டின் வாசம் சில மணி நேரத்தில் பாலில் தெரியும். மயிலாப்பூர் ஃபில்டர் காபியில் பூண்டு மணந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஊசிக்குழாயும் உயிருள்ள மாடும்

ஒரு செடியை எப்படிப் பரிசோதிக்கிறார்கள்? 1979-இல் ஜெர்மனியின் ஹோஹென்ஹைம் பல்கலைக்கழகத்தில் மென்கே குழுவினர் ஓர் எளிய முறையைக் கொண்டுவந்தார்கள். 100 மில்லிலிட்டர் கொள்ளும் கண்ணாடி ஊசிக்குழாய் ஒன்று. அதில் 200 மில்லிகிராம் தீவனப் பொடி. ரூமென் சாற்றை எச்சில் போன்ற உப்புக் கரைசலோடு கலந்து 30 மில்லி ஊற்றி, 39 டிகிரி வெந்நீரில் வைத்துவிட வேண்டும். உள்ளே தீவனம் புளிக்கப் புளிக்க வாயு சேரும். கைபடாமலே தண்டு மெல்ல மெல்ல வெளியே நகரும். ஒரு நாள் கழித்துத் தண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்தால் எவ்வளவு செரித்தது என்று கணக்கிடலாம். சேர்ந்த வாயுவைப் பகுத்துப் பார்த்தால் மீத்தேன் எவ்வளவு என்பதும் தெரியும். பக்கத்துக் குழாயில் அதே தீவனத்தோடு ஒரு துளி செடிச் சாறு. இரண்டு தண்டுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் அந்தச் செடியின் சாட்சியம்.

உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரிலுள்ள இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தில் டி.என். கம்ராவும் அவரது சகாக்களும் இந்த வகைச் சோதனையில் நாட்டு மருந்துக் கடையையே இறக்கினார்கள். 2006-இல் வெளியான அவர்களின் ஒரு கட்டுரையில் எருமை ரூமென் சாற்றில் சோதித்த ஐந்து பொருள்கள்: கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய், சீயக்காய், வேம்பு. முதல் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. ஒவ்வொன்றையும் தண்ணீர், எத்தனால், மெத்தனால் என்று மூன்று விதமாகச் சாறெடுத்தார்கள். மீத்தேனை அடக்கியதில் கடுக்காய்க்கு நல்ல இடம் கிடைத்தது. இன்னொரு முக்கியச் சேதியும் தெரிந்தது. ஒரே காயை எதில் ஊறவைத்துச் சாறெடுக்கிறோம் என்பதைப் பொறுத்துப் பலன் மாறுகிறது, ஏனென்றால் ஒவ்வொரு கரைப்பானிலும் வெவ்வேறு சேர்மங்கள் இறங்குகின்றன. கடுக்காய் நல்லது என்று பொதுவாகச் சொல்வது அறிவியலில் அரைகுறை வாக்கியம். எந்தச் சாறு, எத்தனை அளவு, எந்தத் தீவனத்தோடு என்று சொன்னால்தான் வாக்கியம் முடிகிறது.

ஊசிக்குழாயில் அசத்துகிற செடி மாட்டிடம் வந்ததும் சோர்ந்துபோவது வழக்கம். குழாயில் ஒரு நாள்தான் சோதனை. மாட்டின் வயிற்றில் கூட்டம் பழகிக்கொள்ளக் காலம் இருக்கிறது. குழாய்க்கு நாக்கு இல்லை; கசந்தால் மாடு தீனியைத் தொடாது. தின்பது குறைந்தாலும் மீத்தேன் குறையும். அது வெற்றிபோலத் தெரியும், ஆனால் பாலும் கூடவே குறைந்திருக்கும். ஆகவே ஒரு சேர்க்கையைப் பற்றி யார் சொன்னாலும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். எத்தனை வாரம் கொடுத்துப் பார்த்தீர்கள்? பால் என்ன ஆயிற்று?

அந்தச் சோதனைகளைத் தாண்டி வந்த ஒன்று பெங்களூருவில் இருக்கிறது. அங்குள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் டானின் மிகுந்த செடிப் பொருள்களைக் கொண்டு 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கி 2021-இல் அறிவித்தது. மீத்தேனை 17 முதல் 20 சதவீதம் வரை குறைக்கிறது என்பது அதன் கணக்கு. அங்கே மிச்சமாகும் ஹைட்ரஜன் புரோப்பியோனிக் அமிலம் உண்டாகும் பக்கம் திரும்புகிறது. ஏப்பமாகப் போகவேண்டியது பால் சர்க்கரைக்கு வழி பார்க்கிறது. உற்பத்திச் செலவு கிலோவுக்குச் சுமார் 6 ரூபாய் என்றார்கள். மூன்று மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு அது கூடாது, ஏனென்றால் அந்த வயதில் ரூமென் முழுதாக வேலை செய்யத் தொடங்கியிருக்காது. அதற்கு முன்பே அந்த நிறுவனம் புளியங்கொட்டைத் தோலின் டானினை வைத்து ஆய்வு நடத்தியிருந்தது. புளியை எடுத்து, பருப்பை மாவாலைக்கு அனுப்பியபின் மிஞ்சும் தோல் அது. தமிழ்நாட்டில் அந்தக் கழிவுக்குப் பஞ்சமே இல்லை.

சேர்க்கை வேறு, சிகிச்சை வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி தஞ்சாவூரிலிருந்து மரபுவழி மூலிகை மருத்துவத்தைத் தொகுத்துக் கற்பித்தார். தேசிய பால்வள வாரியமும் அந்த மருந்துகளை விவசாயிகளிடம் கொண்டுபோனது. இஞ்சி, மிளகு, சீரகம், வெற்றிலை, வெல்லம் சேர்த்து உருட்டிக் கொடுக்கும் செரிமான மருந்து நோயுற்ற மாட்டுக்குச் சில நாள் கொடுப்பது. தினமும் தீவனத்தில் கலக்கும் சேர்க்கை நல்ல மாட்டுக்கு மாதக்கணக்கில் கொடுப்பது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மருந்தும் பலிக்காது, சேர்க்கையும் பலிக்காது.

சென்னைப் பசுவின் இலை

சென்னைக்குக் கால்நடை மருத்துவத்தில் பழைய சொந்தம் உண்டு. மதராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில், டாபின் ஹால் என்ற கட்டடத்தில் 20 மாணவர்களோடு தொடங்கியது. பிறகு வேப்பேரிக்குப் போனது. இத்தனை படிப்பு இருக்கும் ஊரில் தெருப்பசு என்ன சாப்பிடுகிறது?

கல்யாண மண்டபத்துக்கு வெளியே எச்சில் இலையில் மிஞ்சிய சோறும் பாயசமும். மாட்டுப் பொங்கலன்று அண்டா நிறையச் சர்க்கரைப் பொங்கல். ஒரே நேரத்தில் இவ்வளவு மாவுச்சத்து உள்ளே போனால் ரூமெனில் லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் சரசரவென்று பெருகும். நாரே இல்லாததால் அசைபோடுவது நிற்கும். எச்சிலும் சோடா உப்பும் வராது. மாவு புளித்துக் கெட்டுப்போகிற மாதிரி ரூமெனே கெட்டுப்போகும். நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்கள் சாகும். மாடு படுத்துவிடும்; சில சமயம் எழுவதே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் கால்நடை மருத்துவர்கள் இதை எச்சரிக்கிறார்கள்.

அதைவிடக் கொடியது பை. சாம்பார் சாதத்தை முடிச்சுப் போட்டுக் குப்பைத்தொட்டியில் எறிகிறோம். பசுவுக்கு முடிச்சு அவிழ்க்கக் கை இல்லை, பையோடு விழுங்குகிறது. ரூமெனிலுள்ள கோடானுகோடிப் பேருக்கும் அந்த பிளாஸ்டிக் பையைச் செரிக்கத் தெரியாது. 2019 அக்டோபரில் வேப்பேரியில் ஒரு பசுவுக்கு ஐந்தரை மணி நேரம் அறுவைச் சிகிச்சை செய்து, வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்து பத்து மாதம் ஆகியிருந்த நேரம் அது.

அந்த வயிற்றில் கடுக்காய்ச் சாற்றை ஊற்றி என்ன பயன்? செடிச் சாறு தாளிப்பு மாதிரி. நல்ல குழம்பில் கடைசியாக விழுந்தால் மணக்கும். ஊசிப்போன குழம்பை அது காப்பாற்றாது. வைக்கோல், பசுந்தீவனம், புண்ணாக்கு, தாது உப்பு, நல்ல தண்ணீர் என்று இலை சரியாகப் போடப்பட்ட பசுவிடம்தான் டானினும் சபோனினும் தங்கள் வித்தையைக் காட்டும். வெறும் வைக்கோலில் காலம் தள்ளும் மாட்டுக்கு முதலில் வேண்டியது ஒரு பிடி பசுந்தீவனம். அதுவே ஒரு லிட்டர் பாலுக்கு வெளியேறும் மீத்தேனைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

பால்மாடு வைத்திருப்பவர்கள் கடையில் விற்கும் எந்த மூலிகைப் பொடியையும், கால்நடை மருத்துவரிடம் அளவைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மாடு இல்லாத நமக்கு இன்னும் எளிய வேலை. அகத்தி வாங்கிக் கொடுக்கும்போது கட்டைச் சுற்றியிருக்கும் கயிற்றையோ ரப்பர் பேண்டையோ கழற்றிவிட்டுக் கொடுங்கள். மூன்று பேர் ஏற்கெனவே கொடுத்திருந்தால் உங்கள் கட்டைக் கீரைக்காரம்மாவிடமே விட்டுவிட்டு வாருங்கள், அவர் நேரம் பார்த்துப் போடுவார். மிஞ்சிய சோற்றைப் பையில் முடிச்சுப் போட்டு எறியாதீர்கள்.